பழைய லாரி இன்ஜினில் தீராத ஆயில் கசிவு: ஊற்றுக்கண்ணைக் கண்டுபிடிக்கும் முறை

லாரி இன்ஜினில் ஆயில் எங்கே கசிந்தாலும் அது கீழ்நோக்கி வழியும். விசிறியின் காற்றும் வண்டி ஓடும்போது வரும் எதிர்க்காற்றும் அதைப் பின்னோக்கித் தள்ளும். அதனால் மேற்புறத்திலோ முன்பக்கத்திலோ புறப்பட்ட ஆயில், இன்ஜின் பிளாக்கின் ஓரமாக இறங்கி, ஆயில் தேங்கும் அடித்தொட்டியான சம்ப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே ஊர்ந்து, கடைசியில் கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் வந்து சொட்டுகிறது. அந்தச் சொட்டை மட்டும் பார்த்து, கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் ஆயிலைத் தடுக்கும் பின் சீல் போய்விட்டது என்று முடிவு கட்டி, கியர் பாக்ஸை இறக்கிச் சீலை மாற்றி ஏற்றிய பிறகும், அதே இடத்தில் அதே சொட்டு விழுவதை நாமக்கல், சங்ககிரி வட்டாரப் பட்டறைகளில் அடிக்கடி பார்க்கலாம். தீராத கசிவு என்று பெயர் எடுப்பவற்றில் பெரும்பாலானவை, கசியாத இடத்தில் சரிசெய்யப்பட்ட கசிவுகளே. ஆகவே, ஆயில் உலோகத்தை விட்டு வெளியே வரும் அந்த ஒரு புள்ளியைக் கண்ணால் பார்க்கும்வரை எந்த போல்ட்டையும் கழற்றக் கூடாது என்பதே இந்தக் கட்டுரை வற்புறுத்துவது.

இங்கே எடுத்துக்கொள்ளும் இன்ஜின், கம்மின்ஸ் பி வரிசையைச் சேர்ந்த 6பிடி. 102 மி.மீ. துளையும் 120 மி.மீ. ஸ்ட்ரோக்கும் கொண்ட 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின் இது. ஜம்ஷெட்பூரில் 1993-இல் நிறுவப்பட்ட டாடா கம்மின்ஸ் வழியாக டாடா லாரிகளில் பரவலாக வந்ததால், பத்து லட்சம் கிலோமீட்டரை நெருங்கிய வண்டிகளிலும் இதை இன்றும் காணலாம். டாடா 697, லேலண்ட் ஹினோ போன்ற இன்ஜின்களில் பாகங்களின் இடம் மாறுமே தவிர, தேடும் முறை மாறாது.

முதலில் அது எந்த எண்ணெய்?

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் அடியில் ஒரு பெரிய அட்டையை இரவு முழுக்க விரித்து வையுங்கள். காலையில் அட்டையை எடுக்கும் முன், எந்தப் பக்கம் ரேடியேட்டர், எந்தப் பக்கம் கியர் பாக்ஸ் என்று அதன் மேலேயே எழுதிவிடுங்கள். ஒரே ஒரு சொட்டுத் தடம் இருக்கிறதா, நீளவாக்கில் பல தடங்கள் இருக்கின்றனவா என்பது தேடலின் முதல் தடயம்.

அடுத்து, அந்தச் சொட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும். டீசல் இன்ஜினில் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய ஆயில் கரிக்கறுப்பாக இருக்கும். கியர் ஆயில் அதைவிடக் கெட்டியாகவும் நிறம் வெளிறியும் இருக்கும். மூக்கருகே கொண்டுபோனால் கந்தக நெடி அடிக்கும். கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் விழுவது கியர் ஆயில் என்றால், கியர் பாக்ஸின் முன்பக்க ஷாஃப்ட் சீலைத்தான் பார்க்க வேண்டும். இன்ஜினைக் குறை சொல்லிப் பயனில்லை. பவர் ஸ்டியரிங் ஆயில் பெரும்பாலும் செந்நிறமாக இருக்கும். மிகவும் ஏமாற்றுவது டீசல். பம்ப்பிலிருந்தோ ரிட்டர்ன் பைப்பிலிருந்தோ கசியும் டீசல், இன்ஜினில் ஏற்கெனவே படிந்திருக்கும் அழுக்கு ஆயிலைக் கரைத்துக்கொண்டு கறுப்பாகவே கீழே விழும். ஐயம் இருந்தால், ஒரு சொட்டைச் செய்தித்தாளில் விட்டுக் கால் மணி நேரம் காத்திருங்கள். இன்ஜின் ஆயில் என்றால் கறுப்பு வட்டம் பெரிதும் நடுவிலேயே நின்றுவிடும். டீசல் கலந்திருந்தால், நடுவில் கறுப்புப் பொட்டும் அதைச் சுற்றி ஊறிக்கொண்டே போகும் வெளிறிய அகன்ற வளையமும் தெரியும்.

இந்தக் கட்டத்திலேயே டிப்ஸ்டிக்கையும் பாருங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யும் முன், எப்போதும் ஒரே இடத்தில் வண்டியை நிறுத்தி அளவைப் பார்த்து, கிலோமீட்டரோடு சேர்த்து ஒரு நோட்டில் குறித்துவர வேண்டும். அளவு குறைந்தால் எவ்வளவு தூரத்துக்கு எவ்வளவு குறைகிறது என்று தெரியவரும். வெளியே கசிந்துகொண்டே இருக்கும்போதும் டிப்ஸ்டிக்கில் அளவு குறையாமல் இருந்தாலோ, கூடிக்கொண்டே போனாலோ, உடனே நிறுத்திக் கவனிக்க வேண்டும். டேங்க்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப் வழியாகவோ வேறு வழியிலோ டீசல் சம்ப்புக்குள் இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்கிறது என்று பொருள். நீர்த்த ஆயில், நல்ல ஆயில் கசியாத இடங்களில்கூடக் கசியும். அதைவிடப் பெரிய தீங்காக பேரிங்குகளைத் தின்றுவிடும். அந்த வண்டிக்கு முதல் வேலை சீல் மாற்றுவதன்று, டீசல் இறங்கும் வழியை அடைப்பதே.

கழுவாமல் தேடுவது வீண்

பல ஆண்டுகளாகத் தூசியும் ஆயிலும் சேர்ந்து மெழுகிய இன்ஜினில் புதிய கசிவைக் கண்டுபிடிக்க எவராலும் முடியாது. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, தடித்த அழுக்கை மரச்சீவலாலும் பிளாஸ்டிக் தகட்டாலும் சுரண்டி எடுத்துவிட்டு, டிகிரீசர் அல்லது மண்ணெண்ணெய் தோய்த்த பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தேய்த்து, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, அதன் பிறகே தண்ணீர் அடிக்க வேண்டும். ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார், ஏர் ஃபில்டரின் வாய், ஆயில் ஊற்றும் மூடி, இன்ஜினின் உள்வாயு வெளியேறும் பிரீதர் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் பையால் கட்டி மூடுங்கள். சூடான டீசல் பம்ப்பின் மேல் குளிர்ந்த நீரை எக்காரணம் கொண்டும் அடிக்கக் கூடாது. மிக நுணுக்கமான இடைவெளியில் அசையும் அதன் பிளஞ்சர்கள் சமமற்ற சுருக்கத்தில் இறுகிவிடக்கூடும். சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேல் மண்ணெண்ணெய் தெறிப்பது தீயை அழைப்பதாகும்.

வாட்டர் சர்வீஸுக்கு விட்டால் அடிப்பகுதி மட்டும் பளிச்சென்று ஆகும். பம்ப்புக்குப் பின்புறமும் டர்போவுக்கு அடியிலும் அழுக்கு அப்படியே இருக்கும். நமக்கு வேண்டியது அந்த இடங்கள்தாம். ஆகவே அந்தச் சந்துகளைக் கையால் சுத்தம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. கடைசியில் காற்றடித்து முழுவதும் உலர்த்துங்கள். ஈரம் மிச்சமிருந்தால், அடுத்த கட்டத்தில் அதுவே கசிவாகத் தோன்றும்.

பொறுமையாகப் பார்த்தல்

உலர்ந்த இன்ஜினின் இணைப்புகள் எல்லாவற்றின் மேலும் முகப் பவுடரையோ பொடித்த சுண்ணக்கட்டியையோ மெல்லிதாகத் தூவி விடுங்கள். ஆயில் தொட்ட இடத்தில் வெண்மை உடனே பழுப்பாகும். கேபினுக்குள் இருக்கும் இன்ஜின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, பத்து நிமிடம் ஐடிலில் ஓட விட்டு நிறுத்திப் பாருங்கள். பிறகு ரேஸ் கொடுத்துப் பாருங்கள். அதன் பிறகு பத்துப் பதினைந்து கிலோமீட்டர் காலியாக ஓட்டி வந்து பாருங்கள். கடைசியாக லோடோடு ஒரு நடை. ஒவ்வொரு கட்டத்துக்கும் பிறகு டார்ச்சும், நீண்ட கம்பியின் நுனியில் பொருத்திய சிறு கண்ணாடியும் கொண்டு, கீழிருந்து மேலாகவும் பின்னிருந்து முன்னாகவும் தேடுங்கள். நனைந்த இடங்களிலேயே மிக உயரமானதும் மிக முன்னே இருப்பதுமான புள்ளிதான் குற்றவாளி. அதற்குக் கீழேயும் பின்னேயும் உள்ள ஈரமெல்லாம் அதன் தடம். இன்ஜின் ஓடும்போது தளர்ந்த துணி, துண்டு, கயிறு எதுவும் விசிறிப் பக்கம் நெருங்கக் கூடாது. வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்தி அடியில் நுழையவும் கூடாது.

பவுடரில் பிடிபடாத கசிவுக்கு, ஆயிலில் கலக்கும் ஒளிரும் சாயம் கிடைக்கிறது. அதைக் கலந்து ஒரு நடை ஓடிவிட்டு, இருட்டிய பிறகு புற ஊதா டார்ச்சை அடித்தால், கசிந்த வழி முழுவதும் பச்சை மஞ்சளாக ஒளிரும். ஆனால் கழுவாத இன்ஜினில் அதுவும் பயனற்றது. எல்லா இடமும் ஒளிரும், எதுவும் விளங்காது.

இன்னொரு முறை, நின்ற இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட் சுழலும் கீழ் அறையான கிராங்க் கேஸுக்குள் மிகக் குறைந்த அழுத்தத்தில் காற்றை விட்டு, இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது. பிரீதரை அடைத்துவிட்டு, ரெகுலேட்டர் வழியாக 2 பிஎஸ்ஐ அளவில் காற்றைக் கொடுக்க வேண்டும். 3 பிஎஸ்ஐயைத் தாண்டினால் நல்ல சீல்களே பிதுங்கிவிடக்கூடும். டயருக்கு அடிக்கும் காற்றுக் குழாயை நேராகச் செருகுவதை நினைத்தும் பார்க்க வேண்டாம். டர்போவிலிருந்து ஆயில் வடியும் ட்ரெயின் குழாய் வழியாகவும் பிஸ்டன் ரிங்குகளைக் கடந்தும் கொஞ்சம் காற்று இயல்பாகவே வெளியேறும் என்பதால், சீறும் ஓசையை நம்பாமல் குமிழியை மட்டும் நம்புங்கள்.

கசிவு எப்போது நிகழ்கிறது என்பதும் இடத்தைக் குறுக்கிக் காட்டும். இரவு முழுதும் நின்ற வண்டியில் மட்டும் சொட்டு விழுந்தால், ஆயில் மட்டத்துக்குக் கீழே உள்ள சம்ப் பேக்கிங், ட்ரெயின் பிளக், அதன் வாஷர் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். ஸ்டார்ட் செய்த சில நொடிகளிலேயே வழிந்தால், அழுத்தத்தோடு ஆயில் பாயும் இடம் ஏதோ ஒன்று: ஃபில்டர் ஹெட், ஆயில் கூலர், ஆயில் அழுத்தத்தை மீட்டருக்குத் தெரிவிக்கும் பிரஷர் சென்டர், டர்போவுக்கும் ஏர் கம்ப்ரஸருக்கும் போகும் பைப்புகள். நின்றாலும் ஐடிலில் ஓடினாலும் சொட்டாமல், சேலத்திலிருந்து தர்மபுரிக்கு லோடு ஏற்றிக்கொண்டு தொப்பூர் கணவாய் ஏறிய பிறகு மட்டும் அடிப்பகுதி முழுக்க நனைந்திருந்தால், அடுத்த பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

உள்ளழுத்தம்: சீலைக் கெடுக்கும் காரணம்

எரிந்த வாயுவில் ஒரு சிறு பங்கு எந்த இன்ஜினிலும் பிஸ்டன் ரிங்குகளைக் கடந்து கிராங்க் கேஸுக்குள் இறங்கும். அது வெளியேறுவதற்கென்று இருப்பதுதான் பிரீதர். ரிங்குகள் தேய்ந்து வாயு அதிகமானாலும், வாயு அளவாக இருந்து பிரீதர் அடைபட்டாலும் விளைவு ஒன்றே: உள்ளே அழுத்தம் ஏறி, பலவீனமான இணைப்பு எதுவோ அதன் வழியே ஆயிலைத் தள்ளும். அந்த இணைப்பைச் சரிசெய்தால் அடுத்த பலவீனமான இணைப்பில் கசியும். ஒரு கசிவை அடைத்ததும் வேறோர் இடத்தில் புதிதாகக் கசிவு தோன்றினால், அதைத் தற்செயல் என்று விடாதீர்கள்.

பிரீதர் குழாயை முழுவதும் கழற்றி, உள்ளே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். கரியும் தூசியும் சேர்ந்து பாதி அடைத்திருக்கலாம். கேபின் வேலை செய்தபோது ரப்பர் குழாய் மடிந்து நசுங்கியிருக்கலாம். பல நாள் நின்ற வண்டியில் குளவி மண்கூடு கட்டியிருக்கலாம். இவற்றைச் சரிசெய்ய ஒரு பைசா செலவில்லை. அதனால்தான் எந்தச் சீலைத் தொடும் முன்பும் இதை முடித்துவிட வேண்டும் என்று சொல்கிறேன்.

பிறகு, சூடேறிய இன்ஜினை ஐடிலில் விட்டு, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றித் தலைகீழாக அதே வாயின் மேல் வையுங்கள். மூடி மெல்ல அதிர்ந்துகொண்டு அங்கேயே நின்றால் கவலையில்லை. பழைய இன்ஜினில் கொஞ்சம் புகை வருவதும் இயல்பே. மூடி துள்ளித் துள்ளி விழுந்துவிட்டால் வாயு அளவுக்கு மீறி இறங்குகிறது. அப்படியென்றால் உடனே இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்று யாராவது சொல்வார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியவை இரண்டு உண்டு.

ஒன்று, ஏர் கம்ப்ரஸர். பிரேக்குக்கான காற்றை உண்டாக்கும் அந்தச் சிறு இயந்திரத்துக்கும் பிஸ்டனும் ரிங்கும் உண்டு. அதன் அடிப்பகுதி இன்ஜினின் கியர் ஹவுசிங்கோடு திறந்தே இருக்கிறது. அதன் ரிங் தேய்ந்தால், அது அழுத்தும் காற்றில் ஒரு பகுதி இன்ஜினுக்குள்ளேயே போகும். ஏர் டேங்க் நிறைந்து அன்லோடர் வால்வு காற்றை விட்ட பிறகு பிரீதரில் வரும் புகையைப் பாருங்கள். பிறகு பிரேக்கைப் பலமுறை மிதித்து டேங்க்கின் காற்றைக் குறைத்து, கம்ப்ரஸர் மீண்டும் சுமையோடு ஓடும்போது பாருங்கள். சுமையில் மட்டும் பிரீதர் வீச்சு கூடினால் இன்ஜினின் ரிங்குகள் மேல் பழி இல்லை. ஏர் டேங்க்கின் அடியிலுள்ள வால்வைத் திறக்கும்போது நீரோடு நிறைய ஆயிலும் வந்தால் சந்தேகம் இன்னும் வலுப்படும். வெளியே கசிவே தெரியாமல் ஆயில் குறையும் வண்டிகளிலும் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

மற்றொன்று, டர்போ. அதன் சீல் தேய்ந்திருந்தால், அழுத்தப்பட்ட காற்றும் எக்ஸாஸ்ட் வாயுவும் ட்ரெயின் குழாய் வழியாகக் கிராங்க் கேஸுக்குள் இறங்கும். இதற்கு மறுபக்கமும் உண்டு. டர்போவிலிருந்து ஆயில் தன் எடையால் மட்டுமே கீழே வடிகிறது. கிராங்க் கேஸில் அழுத்தம் கூடினால் அது வடிய முடியாமல் தேங்கி, டர்போவின் இரு பக்கங்களிலும் கசிந்து, சைலன்சரிலும் ஏர் பைப்பிலும் ஆயில் தென்படும். நல்ல டர்போவைப் பழுதென்று கழற்றி எறிந்த கதைகள் பலவற்றுக்கு அடைபட்ட பிரீதரே காரணம்.

6பிடி இன்ஜினில் தேட வேண்டிய இடங்கள்

மேலே, ஆறு சிலிண்டருக்கும் தனித்தனியாக ஆறு ராக்கர் கவர்கள் உள்ளன. ஒவ்வொன்றையும் ஒரே போல்ட் பிடித்திருக்கிறது. பேக்கிங் நன்றாக இருந்தாலும் அந்த போல்ட்டின் சீல் வளையம் காய்ந்துவிட்டால் போல்ட் தலையைச் சுற்றி ஆயில் ஊறும். கசிகிறதே என்று அந்த போல்ட்டை மேலும் மேலும் இறுக்குவது கவரை வளைத்துக் கசிவைப் பெரிதாக்கும். 24 நியூட்டன் மீட்டர் போதுமானது.

பிளாக்கின் இடப்பக்கத்தில், டீசல் பம்ப்புக்குப் பின்னால் மறைந்திருக்கிறது வால்வுகளை இயக்கும் தண்டுகளான புஷ்ராடுகளை மூடும் நீண்ட பக்கவாட்டுக் கவர். இந்த இன்ஜினில் கசிவைத் தேடுவோரை மிக அதிகமாக அலைக்கழிப்பது இதுதான். பம்ப்பும் பைப்புகளும் மறைப்பதால் நேராகப் பார்க்க முடியாது. அங்கே கசியும் ஆயில் பிளாக்கின் பக்கவாட்டில் இறங்கி, சம்ப் விளிம்பின் வழியாகப் பின்னோக்கி ஓடி, ஃப்ளைவீல் ஹவுசிங்கின் இடது மூலையில் சொட்டுவதால், பார்ப்பவர் அத்தனை பேரும் பின் சீல் என்றே சொல்வார்கள். கண்ணாடியை பம்ப்புக்கும் பிளாக்குக்கும் இடையில் நுழைத்து, டார்ச்சைக் கண்ணாடியின் மேல் அடித்துப் பாருங்கள். கழுவி உலர்த்திய கவரின் கீழ் விளிம்பில், போல்ட் ஒன்றின் அடியில், கடுகு அளவுக்கு ஒரு கறுப்புத் துளி திரண்டு, பெருத்து, விளிம்பை விட்டு மெல்ல நழுவும். அதைப் பார்த்துவிட்டால் கியர் பாக்ஸை இறக்க வேண்டிய தேவையே இல்லை. பக்கவாட்டுக் கவரை மாற்றுவது எளிதன்று. எதிரே நிற்கும் பைப்புகளைக் கழற்ற வேண்டும், சில வண்டிகளில் பம்ப்பையே எடுக்க வேண்டியிருக்கும். பம்ப் கழற்றப்படுகிறது என்றால், அது கியர் ஹவுசிங்கில் அமரும் இடத்திலுள்ள சீல் வளையத்தையும் கையோடு மாற்றிவிடுங்கள்.

வலப்பக்கத்தில் ஃபில்டர் ஹெட்டும் ஆயில் கூலரும் உள்ளன. ஃபில்டர் மாற்றியதும் தொடங்கிய கசிவு என்றால், பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் ஹெட்டிலேயே ஒட்டிக்கொண்டு, அதன் மேலேயே புதியது ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கூலர் பேக்கிங் வெளியே கசிவதும் உண்டு. ரேடியேட்டர் நீரில் ஆயில் படலம் மிதந்தால் கூலருக்குள்ளேயே பழுது இருக்கலாம். பிரஷர் சென்டரின் மின் இணைப்பைக் கழற்றி, அதன் உட்புறத்தில் விரலை வைத்துப் பாருங்கள். அங்கே ஆயில் இருந்தால் சென்டரின் உள் சவ்வு கிழிந்துவிட்டது. டர்போவுக்குப் போகும் ஆயில் பைப்பில் சிறிய ஊறல் தெரிந்தாலும் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதைச் சரிசெய்ய வேண்டும். பழுக்கக் காய்ந்த டர்போவின் மேல் தெறிக்கும் ஆயில் வண்டியையே எரித்துவிடும்.

முன்பக்கத்தில் கிராங்க் சீல் கசிந்தால், புல்லி சுழன்று ஆயிலை வட்டமாகத் தெறிக்கும். விசிறியின் பின்புறத்திலும் முன் குறுக்குச் சட்டத்திலும் புள்ளி புள்ளியாகத் தடம் தெரியும். வட்டமான தெறிப்பு இல்லாமல் நேராக வழிந்திருந்தால் டைமிங் கவரின் பேக்கிங்கையோ பவர் ஸ்டியரிங் பம்ப் அமரும் இடத்தையோ பாருங்கள். டைமிங் கவரைக் கழற்ற நேர்ந்தால் ஒன்றை மறக்கக் கூடாது: இந்த இன்ஜினின் கியர் ஹவுசிங்கை இடம்பிசகாமல் நிறுத்தும் டவல் பின் தளர்ந்து வெளியே வந்து, கியர்களுக்கிடையில் விழுந்து, ஹவுசிங்கையே உடைப்பது உண்டு. அமெரிக்காவில் இதே இன்ஜின் பொருத்திய 1989 முதல் 1998 வரையிலான டாட்ஜ் பிக்கப் வண்டிகளில் இது பேர்போன பழுது. கவர் திறந்திருக்கும்போது, அந்தப் பின் வெளியே வராதபடி ஒரு சிறு தகட்டால் மறித்துவிடுவது நல்லது.

பின் சீல்தான் என்று உறுதியானால்

மேலே சொன்ன எல்லா இடங்களும் உலர்ந்திருந்து, ஃப்ளைவீல் ஹவுசிங்கின் அடித்துளையிலிருந்து மட்டும் இன்ஜின் ஆயில் வருகிறது என்றால்தான் கியர் பாக்ஸை இறக்குவதைப் பற்றி யோசிக்க வேண்டும். இறக்கிய பிறகும் உடனே சீலைப் பிடுங்கிவிடாமல் தடத்தைப் பாருங்கள். ஃப்ளைவீலுக்குப் பின்னால், கிராங்க்கைவிட உயரமான இடத்தில் ஈரம் இருந்தால் கேம்ஷாஃப்ட் துளையின் பின்மூடியைச் சந்தேகிக்க வேண்டும். தட்டி ஏற்றிய அந்தத் தகட்டு மூடி துருப்பிடித்தோ தளர்ந்தோ கசியும். சீல் மாற்றியும் கசிவு நிற்காத வண்டிகளில் இந்த மூடி கவனிக்கப்படாமல் விடப்பட்டிருக்கும். சீல் ஹவுசிங்கும் சம்ப்பும் பிளாக்கும் ஒன்றுகூடும் இரு மூலைகளும் அடுத்துப் பார்க்க வேண்டியவை.

இந்த இன்ஜினின் கிராங்க் சீல்களின் உதடு டெஃப்லான் வகை. ரப்பர் சீலுக்கு ஆயிலோ கிரீஸோ தடவி ஏற்றிப் பழகிய கை இங்கே தன் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்: சீலின் உதடும் கிராங்க்கின் முகமும் ஆயில் சுவடே இல்லாமல் உலர்ந்திருக்க வேண்டும். சீலோடு வரும் பிளாஸ்டிக் வளையத்தின் உதவியால்தான் அதை ஏற்ற வேண்டும். உதட்டை விரலால் நெம்பினால் அது மடிந்து புதிதாகவே கெட்டுவிடும். கிராங்க்கின் முகத்தில் பழைய சீல் அறுத்த பள்ளம் இருக்கிறதா என்று விரல் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். நகம் தட்டினால், சீலைச் சற்றுத் தள்ளிப் புதிய முகத்தில் அமர்த்த வேண்டும், அல்லது பள்ளத்தை மூடும் மெல்லிய உறை வளையத்தை ஏற்ற வேண்டும். பள்ளத்தின் மேலேயே புதிய சீலை அமர்த்தினால், எத்தனை விலை உயர்ந்த சீலானாலும் கசியும்.

பேக்கிங் போடும்போது

அழுத்தித் தயாரித்த தகட்டுச் சம்ப், பலமுறை இறுக்கியதால் போல்ட் துளைகளைச் சுற்றிக் குழிந்திருக்கும். நேரான கம்பியை வைத்துப் பார்த்து, குழிந்த இடங்களைத் தட்டையான கட்டையின் மேல் வைத்துச் சுத்தியலால் சமப்படுத்துங்கள். பழைய பேக்கிங்கை அகற்ற, திறந்த இன்ஜினுக்கு அருகில் உப்புத்தாளையோ சுழலும் தேய்ப்பு வட்டையோ பயன்படுத்தக் கூடாது. அதன் துகள் உள்ளே விழுந்தால் பேரிங்கை அரிக்கும். மழுங்கிய தகட்டால் சுரண்டி, துடைத்து எடுங்கள். சம்ப், கியர் ஹவுசிங், பின் சீல் ஹவுசிங் மூன்றும் பிளாக்கோடு சேரும் மூலைகளில் மட்டும் சிலிக்கான் பசையைச் சிறிதளவு வைத்தால் போதும். அனபாண்ட் போன்ற பசையை விளிம்பு முழுக்கத் தாராளமாகப் பிழிந்து விடுவது நம் பட்டறைகளில் வழக்கமாக இருந்தாலும், உட்புறம் பிதுங்கும் பசை உலர்ந்து உடைந்து சம்ப்பில் விழுந்து ஆயில் பம்ப்பின் வடிகட்டியை அடைக்கும். போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு, சிறிது சிறிதாக, டார்க் ரென்ச்சால் 24 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். ஆயில் பைப்புகளின் காப்பர் வாஷர்களையும் ரப்பர் விளிம்புள்ள டௌட்டி வாஷர்களையும் மறுபடி பயன்படுத்த வேண்டாம்.

கெட்டியான ஆயிலுக்கு மாறுவதோ கசிவை நிறுத்தும் மருந்தை ஊற்றுவதோ தீர்வாகாது. இந்த இன்ஜினுக்கு வழக்கமான 15டபிள்யூ-40 ஆயிலே இருக்கட்டும்.

வேலை முடிந்ததும் மீண்டும் கழுவி, பவுடர் தூவி, முதலில் ஓட்டிய அதே நடைகளை அதே வரிசையில் ஓட்டிப் பாருங்கள். டிப்ஸ்டிக் நோட்டை அடுத்த ஆயில் மாற்றம்வரை தொடருங்கள். எல்லாக் கசிவையும் உடனே அடைத்தாக வேண்டும் என்பதில்லை. பின்பக்கத்தில் ஈரப் படலம் மட்டும் இருந்து, சொட்டும் விழாமல், ஆயிலும் குறையாமல், கிளட்ச் பிளேட்டும் நனையாமல் இருந்தால், அதற்காக மட்டும் கியர் பாக்ஸை இறக்குவது வீண் செலவு. அடுத்து கிளட்ச் பிளேட் மாற்றும் நாளில் பின் சீல், கேம்ஷாஃப்ட் பின்மூடி, கியர் பாக்ஸின் முன் ஷாஃப்ட் சீல் மூன்றையும் ஒருசேர வாங்கி வைத்துக்கொண்டு ஒரே கூலியில் முடித்துவிடலாம்.